ரைஃபிள் ஸ்கோப் வாங்கறப்ப பண்ணக்கூடாத தப்புக

துப்பாக்கி மேல மாட்டி குறி பாக்கற தொலைநோக்கிதான் ஸ்கோப். அத வாங்கப் போறவங்க வாயில இருந்து முதல்ல வர்ற கேள்வி "எத்தன எக்ஸுங்ணா?", அதாவது எத்தன மடங்கு பெருசாக் காட்டும்ங்கறதுதான். எத்தன மீட்டர்ல சுடப்போறோம்னு யோசிச்சிட்டு கடைக்குப் போறவங்க ரொம்பக் கம்மி. கோயமுத்தூர், ஈரோடு, சேலம்னு நம்ம பக்கம் பெரும்பாலும் சுடறது 10 மீட்டர் ஏர் ரைஃபிள், லைசென்ஸ் இருக்கறவங்க 50 மீட்டர்ல பாயிண்ட் டூ டூ (.22 குண்டு போடற சின்ன ரைஃபிள்), அவ்வளவுதாங்க. இந்த தூரத்த மனசுல வெச்சுகிட்டா பாதி குழப்பம் அங்கயே தீந்துரும்.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு. பையன் மேட்சுக்குப் போறான், பொண்ணு ஸ்டேட் ஆடப்போறான்னு ஸ்கோப் தேடற அப்பாக்கள் நெறைய இருக்காங்க. சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனமான ஐஎஸ்எஸ்எஃப் ரூல்படி 10 மீட்டர் ஏர் ரைஃபிள்லயும் சரி, 50 மீட்டர்லயும் சரி, ஸ்கோப்பே மாட்டக்கூடாதுங்க. சின்ன ஓட்டை வழியா குறி பாக்கற பீப் சைட்தான். நம்மூர் போட்டிகள்ல ஓபன் சைட்னு தனிப் பிரிவு உண்டு, அங்கயும் ஸ்கோப்புக்கு இடமில்ல. அதனால மேட்ச்தான் குறின்னா இந்தக் காச எடுத்து நல்ல ஷூட்டிங் ஜாக்கெட்டுக்கோ பெல்லட்டுக்கோ (ஏர் ரைஃபிள் குண்டு) போடுங்க. கீழ சொல்றதெல்லாம் பேப்பர், ஸ்டீல் பிளேட், பெஞ்ச்ல உக்காந்து சுடறதுன்னு பொதுவா சுடறவங்களுக்கு.

இப்ப எக்ஸ் கணக்கு. 3-9×40ன்னு போட்டிருந்தா 3 மடங்குல இருந்து 9 மடங்கு வரைக்கும் பெருசாக் காட்டும், முன்னாடி இருக்கற கண்ணாடி 40 மி.மீ. அந்த 40ஐ எக்ஸால வகுத்தா வர்றதுதான் கண்ணுக்கு வர்ற ஒளி வட்டத்தோட அகலம். 9ல வெச்சா 4.4 மி.மீ, தாராளம். அதே 40 மி.மீ கண்ணாடிய 24 எக்ஸ்ல வெச்சா 1.7 மி.மீ தான், தலை ஒரு நூல் நகந்தாலும் படம் கருப்படிச்சிரும், சாயங்காலம் ஆனா இருட்டடிக்கும். போதாக்குறைக்கு நம்ம சித்திரை வெயில்ல பத்து மணி தாண்டுனா தரையில இருந்து கானல் கிளம்பும், 24 எக்ஸ்ல அந்தக் கானலும் சேந்து பெருசாத் தெரியும், டார்கெட் தண்ணிக்குள்ள கெடக்கற காசு மாதிரி ஆடும், நின்னுகிட்டு சுடறவருக்கு தன் நெஞ்சு துடிக்கறதெல்லாம் குறுக்குக் கோட்டுல தெரிஞ்சு பயந்துகிட்டு டிரிகர வெடுக்குனு இழுப்பாரு. 9 எக்ஸ்ல 50 மீட்டர் பேப்பர் ஏறக்குறைய அஞ்சரை மீட்டர்ல இருக்கற மாதிரி தெரியும், அது போதாதுங்களா? 12 எக்ஸ் இருந்தா இன்னும் சவுகரியம். கருப்பு வட்டத்துக்குள்ள விழுந்த ஓட்டைய எண்ணணும்னா அதுக்கு ஸ்பாட்டிங் ஸ்கோப்னு ஸ்டாண்டுல வெச்சுப் பாக்கற தொலைநோக்கி தனியா இருக்குது.

எக்ஸ விட முக்கியமானது பேரலாக்ஸ், அதாவது கண்ணு நகந்தா குறுக்குக் கோடும் டார்கெட் மேல நகர்ற மாதிரி தெரியறது, இதைத்தான் யாரும் கேக்கறதே இல்ல. பெரிய ரைஃபிளுக்குன்னு வர்ற சாதா ஸ்கோப்ல பேரலாக்ஸ் வராத தூரத்த 100 யார்டுக்கும், பாயிண்ட் டூ டூவுக்குன்னு வர்றதுல 50 யார்ட் பக்கத்துலயும் கம்பெனியிலயே செட் பண்ணி மூடிருவாங்க. அத வாங்கிட்டு வந்து 10 மீட்டர்ல பாத்தா 9 எக்ஸ்ல ஒரே மங்கல், "கண்ணாடி சரியில்லீங்க"ன்னு கடைக்காரர் மேல கோவிச்சுக்குவாங்க, கண்ணாடி நல்லாத்தான் இருக்கும். முன் கண்ணாடிய சுத்தி திருப்பற வளையம் இருக்கணும், அது ஏஓ, இல்லாட்டி இடது பக்கம் ஒரு குமிழ் இருக்கணும், அது சைடு ஃபோகஸ், அந்த அளவு 10 மீட்டர் வரைக்கும் இறங்கி வருதான்னு வாங்கறதுக்கு முன்னாடியே பாத்துருங்க. மேல அடிச்சிருக்கற நம்பர அப்படியே நம்பவும் வேண்டாம். துப்பாக்கிய மணல் மூட்டை மேல அசையாம வெச்சு, தொடாம, ஸ்கோப்புக்குள்ள பாத்துகிட்டே தலைய மட்டும் மேலயும் கீழயும் ஆட்டுங்க. குறுக்குக் கோடு டார்கெட் மேல அங்க இங்க நடந்துச்சுன்னா பேரலாக்ஸ் இருக்குது, நடக்காத இடம் வர்ற வரைக்கும் வளையத்தத் திருப்புங்க. அங்க ஒரு கோடு போட்டு வெச்சுகிட்டா தேவல.

அடுத்தது கேட்டா சிரிப்பீங்க. ஏர் ரைஃபிள்தானே, உதையே இல்ல, எந்த ஸ்கோப் மாட்டுனா என்னங்கறது. பேரலை மடக்கி லோட் பண்ற ஸ்பிரிங் துப்பாக்கிதான் ஸ்கோப்புக்கு எமன். உள்ள பிஸ்டன் முன்னால பாயறப்ப துப்பாக்கி பின்னால உதைக்கும், பிஸ்டன் போயி மோதி நிக்கறப்ப துப்பாக்கி முன்னால வெட்டும். பெரிய ரைஃபிள்கூட ஒரு பக்கம்தான் உதைக்குது, அதுக்குத் தகுந்த மாதிரி செஞ்ச ஸ்கோப் இந்த ரெண்டு பக்க அடி தாங்காம உள்ள கண்ணாடி லூசாகி, இன்னைக்கு ஒரு எடம் நாளைக்கு ஒரு எடம்னு அடிக்கும். ஸ்பிரிங் துப்பாக்கின்னா ஸ்பிரிங் ஏர்கன்னுக்குத் தாங்கும்னு கம்பெனியே சொல்ற ஸ்கோப்பா எடுங்க. ஸ்கோப்ப துப்பாக்கியோட புடிச்சிருக்கற மவுண்ட்டும் பின்னால நகந்துகிட்டே போகும், நகராம நிறுத்தற ஸ்டாப் பின் இருக்கற மவுண்ட் வேணும். காத்த முன்னாடியே அடைச்சு வெச்சு சுடற பிசிபி துப்பாக்கிக்கு இந்தத் தொந்தரவு இல்ல.

மவுண்ட்டுல காசு மிச்சம் புடிக்கறதப் பத்தி ஒரு வார்த்தை. நம்மூர்ல கணபதி பக்கம் போனா லேத் பட்டறையில எதை வேணா கடைஞ்சு தருவாங்க, அந்தத் தைரியத்துல ஸ்கோப் குழாய சுத்திப் புடிக்கற மவுண்ட் ரிங்கும் அங்கயே அடிச்சுக்கலாம்னு போறவங்க உண்டு. கடையறது பெருசில்லீங்க, ரெண்டு ரிங்கும் ஒரே நேர்கோட்டுல நிக்கணும், கொஞ்சம் கோணுனாலும் ஸ்கோப் குழாய நெளிச்சு வெச்சிரும். நல்ல ரிங்கா வாங்கிருங்க. ஏர் ரைஃபிளுக்கும் நெறைய பாயிண்ட் டூ டூவுக்கும் மவுண்ட் ஒக்கார்ற எடம் 11 மி.மீ டவ்டெயில் பள்ளம், மத்ததுல பல்லுப்பல்லா வெட்டுன பிகாட்டினி ரயில், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒக்காராது. குழாய் ஒரு இஞ்சா 30 மி.மீயான்னும் பாத்துக்கங்க. 30ன்னா வெளிச்சம் கூட வரும்னு சொல்றது சும்மா, குறிய ஏத்தி எறக்கி திருகறதுக்கு எடம் கூட இருக்கும், அவ்வளவுதான். கோடு நேரா நிக்குதான்னு பாக்க கொத்தனார்கிட்ட இருக்கற தூக்குக்குண்டு போதும், தூரத்துல தொங்கவிட்டு அந்த நூலோட ரெட்டிகிள, அதாவது உள்ள தெரியற குறுக்குக் கோட்ட, ஒப்பிட்டுட்டு ஸ்க்ரூவ மாத்தி மாத்தி கொஞ்சங்கொஞ்சமா இறுக்குங்க. பலத்தக் காட்ட வேண்டாம்.

கிளிக் கணக்கு: குறிய நகத்தற குமிழுக்கு டரெட்னு பேரு, அத திருப்பறப்ப கேக்கற ஒவ்வொரு டிக்கும் ஒரு கிளிக். எம்ஓஏ, மில் ரெண்டும் கோண அளவு. 1 எம்ஓஏன்னா 100 மீட்டர்ல 2.9 செ.மீ, கால் எம்ஓஏ கிளிக் ஒண்ணுக்கு 50 மீட்டர்ல 3.6 மி.மீ நகரும். மில்லுன்னா 0.1 கிளிக்குக்கு 50 மீட்டர்ல 5 மி.மீ. எதுவும் நல்லதுதான், ஆனா ரெட்டிகிள் மில்லுல, டரெட் எம்ஓஏலன்னு கலந்து கெடக்கறத மட்டும் எடுக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் மனக்கணக்குப் போட்டே ஓஞ்சிருவீங்க. எக்ஸ மாத்தறப்ப ரெட்டிகிளும் சேந்து பெருசாகறது எஃப்எஃப்பி, ஆகாம அப்படியே இருக்கறது எஸ்எஃப்பி, அந்தச் சண்டையெல்லாம் 50 மீட்டர்ல தேவையே இல்ல, எஸ்எஃப்பி போதும். ரெட்டிகிள்ல எரியற செவப்பு லைட்டும் வேண்டாம்.

காத்துக்கு ஸ்கோப் மருந்தில்ல. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற காத்துல பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பாயிண்ட் டூ டூ குண்டு தள்ளத்தான் செய்யும், எத்தன ஆயிரம் போட்டு கண்ணாடி வாங்குனாலும் தள்ளும். ரெட்டிகிள்ல பக்கவாட்டுல சின்னச் சின்னக் கோடு இருந்தா எவ்வளவு தள்ளிப் புடிக்கணும்னு ஞாபகம் வெச்சுக்கலாம், அது ஒண்ணுதான் உபகாரம்.

வாங்குன கையோட கட்டம் போட்டுப் பாத்துருங்க. 50 மீட்டர்ல ஜீரோ பண்ணி (குறி வெச்ச எடத்துலயே குண்டு விழற மாதிரி திருகி வெச்சு) நடுவுல ஒரு குரூப், அதாவது ஒரே குறிக்கு சில குண்டு, மேல 20 கிளிக் ஏத்தி ஒண்ணு, வலது 20, கீழ 20, இடது 20. கால் எம்ஓஏ கிளிக்குன்னா பக்கத்துக்கு ஏழு செ.மீ சொச்சம் வரணும், கடைசி குரூப் முதல் குரூப் மேலயே வந்து விழணும். ரெண்டு மூணு தடவ பண்ணியும் வரலைன்னா மவுண்ட் ஸ்க்ரூவ ஒருக்கா பாத்துட்டு, பில்லையும் பொட்டியையும் எடுத்துகிட்டு கடைக்குப் போயிருங்க, அதனால அது வரைக்கும் அந்தப் பொட்டிய பழைய பேப்பர்காரருக்குப் போட்டுராதீங்க.