மர வளையப் பாடம் எங்கே பிசகுகிறது?

மரத்துண்டின் வளையங்களை எண்ணி மரத்தின் வயதையும், எந்த வளையம் எந்த ஆண்டு என்பதையும் வகுப்பில் கண்டுபிடிக்கும் பாடம் இது. முதல் பிசகு கட்டையைத் தேர்ந்தெடுப்பதிலேயே நடந்துவிடும். தென்னை, பனைத் துண்டில் வளையமே கிடையாது. குறுக்கே அறுத்தால் புள்ளி புள்ளியாக நார்தான் தெரியும். மா, வேம்பில் கோடு தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒன்று என்று நம்ப முடியாது. நம் பக்கத்துக்குத் தேக்குதான் சரி. வறண்ட மாதங்களில் இலை உதிர்த்து வளர்ச்சியை நிறுத்தும். பிறகு பெரிய துளைகளோடு புது வளையம் தொடங்கும். அந்தத் துளை வரிசைதான் ஆண்டின் எல்லை.

இதற்காக மரத்தை வெட்டவெல்லாம் வேண்டாம். மர அறுவை மில்லில் கழித்துப்போட்ட அடிமரத் துண்டு, 4–5 செ.மீ. கனத்தில், போதும். கிளைத்துண்டு கிளையின் வயதைத்தான் சொல்லும். பட்டை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மரம் வெட்டிய மாதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டை போன துண்டில் வெளி வளையம் எத்தனை போனதென்று தெரியாது. அதில் 1947 எது என்று குண்டூசி குத்துவது வெறும் ஊகம். 2024 பிப்ரவரியில் வெட்டிய தேக்கின் கடைசி வளையம் 2023க்கு உரியது. இதை மறந்தால் எல்லா ஆண்டும் ஒன்று தள்ளிப்போகும்.

வெயிலில் காயவைத்தால் துண்டு மையம்வரை பிளக்கும்; நிழலில் மெதுவாக உலரட்டும். உப்புத்தாள் எண் 80, 120, 220, 400 என்று, சொரசொரப்பிலிருந்து நைசுக்கு, வரிசையாகப் போக வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல் அப்படியே நின்று, பிள்ளைகள் அதையும் வளையமாக எண்ணுவார்கள். தேக்குத் தூள் தோலையும் மூச்சையும் உறுத்தும். தேய்ப்பதை ஆசிரியரே முகக்கவசத்தோடு வெளியில் வைத்து முடித்துவிடலாம். ஈரத்துணியால் துடைத்தால் துளைகள் பளிச்சென்று தெரியும்.

வளையத்தின் வெளிர் பகுதியையும் அடர் பகுதியையும் தனித்தனியே எண்ணினால் வயது இரட்டிக்கும். இரண்டும் சேர்ந்துதான் ஓர் ஆண்டு. மையத்திலிருந்து இரண்டு திசையில் எண்ணுங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் எங்கோ பொய் வளையமோ (ஒரே ஆண்டில் கூடுதலாக விழுந்த கோடு) விடுபட்ட வளையமோ இருக்கிறது.

குறுகிய வளையம் என்றாலே பஞ்சம் என்று சொல்லிக்கொடுப்பதுதான் பெரிய தவறு. நிழல், நெருக்கம், பூச்சி எல்லாமே வளையத்தை ஒடுக்கும். வயதான மரத்தில் சுற்றளவு பெருகுவதால் வெளி வளையங்கள் இயல்பாகவே ஒடுங்கும். பக்கத்து வளையங்களோடு ஒப்பிட்டு, அதே இடத்து இன்னொரு மரத்திலும் அது குறுகியிருந்தால் மட்டுமே மழையைப் பற்றிப் பேசலாம்.

வரலாறு இங்கேதான் நுழைகிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் பூர்வகுடிகள் கட்டிய பழைய பியூப்லோ கட்டடங்களுக்கு வானியலாளர் ஏ. ஈ. டக்ளஸ் ஆண்டு கண்டது இந்த ஒப்பீட்டால்தான். அவரிடம் இரண்டு வளைய வரிசைகள் இருந்தன: ஒன்று ஆண்டு தெரிந்தது, மற்றது பழைய கட்டட மரங்களிலிருந்து கிடைத்த, ஆண்டு தெரியாதது. நடுவே தொடர்பு அறுந்திருந்தது. 1929இல் ஷோ லோ ஊரில் கிடைத்த கரிந்த உத்தரத் துண்டு இரண்டையும் இணைத்தது. வகுப்பில் இதைச் செய்ய, காகிதப் பட்டைகளில் குறுகிய வளையத்துக்கு மட்டும் கோடு போட்டு நகர்த்திப் பொருத்தச் சொல்லலாம். ஐந்தாறு வளையம் மட்டும் பொதுவாக வைத்தால் பட்டை எங்கு வேண்டுமானாலும் பொருந்தித் தொலையும், குறைந்தது இருபது வளையம் வையுங்கள்.