லோடிங் கொயிலுக்குள் கரண்ட் குறைகிறதா? நீங்களே அளந்து பாருங்கள்

ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்கள், பேசும் 7.1 மெகாஹேர்ட்ஸில் கார் அன்டெனாவுக்கு வேண்டிய கால் அலைநீளம் ஏறக்குறைய 10.5 மீற்றர். அவ்வளவு நீளக் கம்பியைக் காரில் நட்டுக்கொண்டு கொழும்பின் காலி வீதியில் போக முடியாது. அதனால்தான் 2.4 மீற்றர் கம்பியின் நடுவில் லோடிங் கொயில் என்ற கம்பிச் சுருளைச் சேர்த்து அந்த அதிர்வெண்ணுக்கு ரியூன் செய்கிறோம்.

புதிதாக வருபவர்கள் பலர் கொயில் கரண்ட்டைத் தின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். தின்னாது. செப்புக் கம்பியின் தடை சக்தியை வெப்பமாக்கும், அவ்வளவுதான். அடியில் நுழைந்த கரண்ட் மேலே குறைந்திருந்தால், அது இடையில் வேறு வழியாகப் போயிருக்க வேண்டும். அந்த வழி, ஒவ்வொரு சுற்றுக்கும் கார் உடலுக்கும் இடையில் இருக்கிற சின்னக் கொள்ளளவு (கப்பாசிட்டன்ஸ்). நீண்டு ஒல்லியான கொயிலில் இந்தக் கசிவு கூட. குட்டையான கொயிலில் இரு முனைகளிலும் கரண்ட் ஏறக்குறைய சமம்.

சரி, அளப்போம். கணினிக் கேபிள்களில் குண்டாக மாட்டியிருக்கும் கிளிப் ஃபெரைட் இரண்டு வேண்டும். மிச்சச் சாமான்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். ஒவ்வொரு ஃபெரைட்டிலும் மெல்லிய எனமல் கம்பியை 10 சுற்றுச் சுற்றி, இரு முனைகளுக்கும் குறுக்கே 47 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். அப்புறம் தொடராக ஒரு ஜெர்மேனியம் டயோட், அதன் பின்னால் குறுக்கே 0.01 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர். அங்கிருந்து 50 கிலோஓம் பொட் (திருகிக் கூட்டிக் குறைக்கும் ரெசிஸ்டர்) வழியாக 100 மைக்ரோஅம்பியர் முள் மீற்றர்.

மீற்றரை ஃபெரைட்டோடு சேர்த்தே கட்டிவிடுங்கள். முதல் தடவை நான் நீண்ட வயரில் மல்டிமீற்றரை இணைத்துத் தொங்கவிட்டேன். கையை அருகில் கொண்டுபோனாலே எண் துள்ளியது. வயரே அன்டெனாவாகிவிட்டது!

உரிமம் பெற்ற 4எஸ்7 (இலங்கை ஹாம் அழைப்புக்குறி) நிலையமாக இருந்தால் மட்டும் வானொலிச் செற்றை இயக்குங்கள். 5 வாட் போதும். கொயிலின் மேல்பக்கத்தில் வோல்டேஜ் அதிகம், தொட்டால் சுடும். அதனால் ஒவ்வொரு முறையும் செற்றை நிறுத்திய பிறகே கை வையுங்கள்.

முதலில் இரண்டு கிளிப்பையும் அன்டெனாக் கம்பியைக் கவ்வும்படி அடியில் பக்கத்துப் பக்கமாக மாட்டி, இரு முள்ளும் 100இல் நிற்கும்படி பொட்டைத் திருப்புங்கள். பிறகு ஒன்றைக் கொயிலுக்குச் சற்றுக் கீழேயும் மற்றதைச் சற்று மேலேயும் மாட்டுங்கள். ரியூனிங் கொஞ்சம் நகரும், திரும்பச் சரிசெய்யுங்கள். கீழ் முள் 100 காட்டும்படி பவரைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, ஒரு மீற்றர் தள்ளி நின்று மேல் முள்ளைப் படியுங்கள். கீழே நுழைந்த கரண்ட்டில் மேலே வந்த நூற்றுவீதம் அதுதான். முள் மிகக் கீழே நின்றால் டயோட் சற்றுக் குறைத்துக் காட்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தையில் கடற்பக்கமாகக் காரை நிறுத்துபவர்கள் அளக்கும் முன் கொயிலை நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள். சுற்றுகளுக்கு இடையில் வெள்ளைத் தூளாக உப்புப் படிந்திருக்கும். அது ஈரமானால் கொயிலில் இழப்புக் கூடும்.

இனி எனக்கு மிகப் பிடித்த பகுதி. கொயிலுக்கு மேலே, கம்பி நுனியில், நான்கைந்து கம்பிகளைச் சக்கர ஆரங்கள் போலப் பரப்பிக் கட்டுங்கள். மேலே கொள்ளளவு கூடுவதால் கரண்ட்டின் பெரும்பங்கு அங்கே போகும், கொயிலிலிருந்து கசியும் பங்கு சிறுத்துவிடும். அன்டெனாவின் ஒத்திசைவு அதிர்வெண் கீழே இறங்கியிருக்கும். கொயிலில் சில சுற்றுகளைக் கழற்றி 7.1க்குத் திரும்பக் கொண்டுவந்து அளந்தால், மேல் முள் முன்பைவிட உயர்ந்து நிற்கும். கழற்றிய சுற்றுகளோடு அவற்றின் தடையும் போய்விட்டது.