வண்டியைக் குறைக்கச் சைக்கிள் ஓடுகிறவர்கள் விடும் பிழைகள்

எங்கள் பக்கம் வண்டி என்றால் தொப்பை. துவிச்சக்கரவண்டி ஓடி அந்த வண்டியைக் கரைக்கலாம் என்று புறப்பட்டவர்களை விடியப்புறம் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் பார்க்கலாம். முதல் கிழமை ஐந்து பேராக வருவார்கள். மூன்றாம் கிழமை ஒருவர்தான் வருவார். மற்ற நாலு பேரையும் சோம்பேறிகள் என்று நான் சொல்லமாட்டேன். அனேகமாக அவர்கள் வேகத்தில் பிழை விட்டிருப்பார்கள்.

நானும் விட்டவன்தான். முதல் நாளே ஒரு ஏ.எல் படிக்கிற பெடியனோடு போட்டி போட்டு, காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டிக் களுவாஞ்சிக்குடி வரை நிற்காமல் மிதித்தேன். அடுத்த நாள் முழங்கால் மடங்கவில்லை. பத்து நாள் சைக்கிள் சுவரில் சாய்ந்து கிடந்தது. ஒரு நாள் பறந்துவிட்டுப் பத்து நாள் படுப்பதைவிட, பதினொரு நாளும் அரை மணித்தியாலம் ஓடியிருந்தால் எவ்வளவோ கூடக் கரைந்திருக்கும்.

அப்படியென்றால் எந்த வேகம் சரி? மீற்றர் தேவையில்லை, வாய் போதும். பக்கத்தில் வருகிறவரோடு கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுதான் நடுத்தர வேகம். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வராமல் மூச்சு வாங்கினால் அது கடும் வேகம். நாடித்துடிப்புக் காட்டும் கைக்கடிகாரம் வைத்திருப்பவர்கள் 220இலிருந்து வயதைக் கழித்துக்கொள்ளுங்கள். 40 வயதுக்காரருக்கு 180 வரும். அதில் 64 முதல் 76 வீதம், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 115 முதல் 137 வரை, நடுத்தரம். இது ஒரு மதிப்பீடுதான். பிரஷருக்குக் குடிக்கும் சில குளிசைகள் நாடித்துடிப்பையே குறைத்து வைத்திருக்கும். அவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, கதைத்துப் பார்ப்பதுதான் வழி.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு, எங்கள் ஊரில் அதுதான் கூட. தரை சமதரை. நாலு மிதி மிதித்துவிட்டுச் சில்லை உருள விட்டு, வாவியைப் பார்த்துக்கொண்டே போகலாம். மனதுக்கு நல்லது, வண்டிக்கு ஒன்றும் நடக்காது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 16 கிலோமீற்றருக்குக் குறைந்த ஆறுதலான ஓட்டத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 280 கலோரி செலவழிப்பார். 16 முதல் 19 வரையான வேகத்தில் அது 470ஐத் தாண்டும். சும்மா கதிரையில் இருந்தாலே 70 கலோரி போகும் என்பதையும் இதில் கழித்துப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி.

“மெதுவாக ஓடினால்தான் கொழுப்பு எரியும்” என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். பாதி உண்மை. மெதுவாக ஓடும்போது செலவாகும் சக்தியில் கொழுப்பின் பங்கு கூட, ஆனால் மொத்தச் செலவு குறைவு. கூடிய பங்கு வேண்டுமென்று சின்னத் தேங்காயைத் தெரிவு செய்வது போலத்தான் இது.

கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர வேகம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எடை குறைய வேண்டுமென்றால் 300 பக்கமாகவே போகப் பாருங்கள். மூன்று நாலு கிழமை பழகிய பிறகு, கிழமையில் ஒன்றிரண்டு நாள் மட்டும் ஒரு நிமிடம் வேகமாக, இரண்டு நிமிடம் ஆறுதலாக என்று ஆறு தடவை செய்யலாம். தினமும் வேண்டாம்.

காற்றை மறந்து வேகத்தை மட்டும் பார்ப்பது இன்னொரு பிழை. மணிக்கு 15 கிலோமீற்றரில் போகிறவருக்கு எதிரே 15 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வந்தால், உடலில் மோதும் காற்றின் தடை நாலு மடங்காகும். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் காலத்தில் தெற்கே கல்முனைப் பக்கம் திரும்பிப் பாருங்கள், தெரியும். அங்கே நேற்றைய வேகத்தைப் பிடிக்க நினைத்தால் இருதயம்தான் அடிக்கும். மூச்சை அதே அளவில் வைத்துக்கொண்டு வேகத்தைக் குறைய விடுங்கள். காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்புவது நல்லது. மாரியில் வடக்கிலிருந்து வரும் வாடை இதைத் தலைகீழாக்கும்: தெற்கே பறந்து போன சைக்கிள் வீடு திரும்ப அசையாது.

கியர் உள்ளவர்கள் பாரமான கியரில் போட்டு மெல்ல மெல்ல இடித்து மிதிப்பார்கள், உடற்பயிற்சி கூடுகிறது என்ற நினைப்பில். நோகப்போவது முழங்கால். நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்று வருகிற இலேசான கியர் போதும். கியர் இல்லாத லுமாலா சைக்கிள்காரர் சீற்றைச் சரியாக உயர்த்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும்: குதிக்காலைக் கீழே நிற்கும் பெடலில் வைத்தால் கால் நேராக வேண்டும்.

கடைசியில் எல்லோரும் இறங்குகிற இடம் தேத்தண்ணிக் கடை. அரை மணித்தியாலம் ஆறுதலாக ஓடி உழைத்த 140 கலோரியை ஒரு ரோல்ஸும் சீனி போட்ட பால் தேத்தண்ணியும் திருப்பித் தந்துவிடும். சீனி போடாத பிளேன்டியோடு நிறுத்தப் பாருங்கள். நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றோ வந்தால் இறங்கி நின்று உதவிக்குக் கூப்பிடுங்கள், வீடு வரை மிதித்துப் பார்க்க வேண்டாம். இருதய வருத்தம் உள்ளவர்கள் தொடங்க முதல் டொக்டரிடம் கேட்க வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்களும் அப்படியே. அவர்கள் சட்டைப்பையில் இரண்டு டொபி வைத்திருக்கட்டும். சீனி இறங்கி உடம்பு நடுங்கினால் மட்டும் தின்ன, கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா தின்ன அல்ல.