‘அறுபதாம் கல்யாணம்’ என்று தேடுகிறவருக்கு ‘சஷ்டியப்தபூர்த்தி’ பக்கம் கிடைக்குமா? தொடர்புடைய கீவேர்டுகளைச் சேர்க்கும் முறை

செம்பூரில் விசேஷச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கும் நண்பர் ஒருவரின் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணம், பூணூல், சீமந்தம் என்று மாட்டுங்காவிலிருந்து டோம்பிவிலி வரை அவருக்கு வேலை இருக்கும். தளம் என் கைக்கு வந்தபோது ‘சஷ்டியப்தபூர்த்தி கேட்டரிங் மும்பை’ என்ற ஒரே தொடரைத் தலைப்பு, பத்தி, படத்தின் பெயர் என்று எல்லா இடத்திலும் அடைத்து வைத்திருந்தார்கள். போனில் கூப்பிடுகிறவர்களோ அறுபதாம் கல்யாணம் என்கிறார்கள், மணிவிழா என்கிறார்கள். அதைச் சரிசெய்த முறைதான் இது. வேர்ட்பிரஸில் பக்கம் திருத்தவும், சர்ச் கன்சோலில் (தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் கருவி) தளத்தைச் சேர்க்கவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

‘கூகுளுக்கே அர்த்தம் புரியுமே’ என்று கேட்கலாம். ஓரளவு புரியும். தேடலின் அர்த்தத்தைப் பிடிக்க முயலும் ஹம்மிங்பேர்டு என்ற மாற்றம் 2013இல் வந்தது. சொல்லை அதன் சூழலோடு புரிந்துகொள்ளும் பெர்ட் 2019 டிசம்பரில் தமிழ் உட்பட 70க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரிந்தது. ஆனாலும் ஒரே சடங்குக்கு வடமொழிப் பெயர், தமிழ்ப் பெயர், பேச்சுவழக்கு, ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ் என்று நாலு உருவம் இருக்கும்போது முழுக்க அதன் தலையில் பாரத்தைப் போட முடியாது. தவிர, தொடர்புடைய சொற்கள் வெறும் மாற்றுப் பெயர்கள் அல்ல. வருகிறவர் என்ன கேள்வியோடு வருகிறார் என்பதை அவைதான் காட்டுகின்றன.

ஒரு சின்ன எச்சரிக்கை. ‘எல்எஸ்ஐ கீவேர்டு’ பட்டியல் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். எல்எஸ்ஐ என்பது 1980களின் கடைசியில் உருவான ஆவணத் தேடல் முறை. அப்படி ஒரு கீவேர்டு வகையே கிடையாது என்று கூகுளின் ஜான் முல்லர் 2019இல் சொல்லிவிட்டார்.

படி 1: சொற்களைத் திரட்டுங்கள்

காசு கட்டும் கருவி எதுவும் வேண்டாம். முதல் இடம் வாட்ஸ்அப். வாடிக்கையாளர் அனுப்பிய செய்திகளை அப்படியே ஒரு ஷீட்டில் ஒட்டுங்கள். ‘50 பேருக்கு இலைச் சாப்பாடு’, ‘வெங்காயம் பூண்டு இல்லாம’, ‘பாத்திரம் நீங்களே கொண்டு வருவீங்களா’ போன்றவை எந்தக் கருவியிலும் கிடைக்காத தங்கம்.

அப்புறம் இன்காக்னிட்டோவில் கூகுளைத் திறந்து சொல்லை அடித்து, எந்த யோசனைகள் கீழே விழுகின்றன என்று பாருங்கள். சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு அ, ஆ, இ என்று ஒவ்வொரு எழுத்தாகவும் முயலலாம். கூகுள் விளம்பரக் கணக்கோடு வரும் கீவேர்டு பிளானர் எனக்குப் பிடிக்காது. விளம்பரச் செலவு இல்லாத கணக்குக்கு மாதத் தேடல் 100 முதல் 1,000 வரை என்று அகலமான வீச்சைத்தான் காட்டும், தமிழ்ச் சொற்களுக்குப் பல நேரம் கையை விரித்துவிடும். எந்தச் சொல் எந்த மாநிலத்தில் ஓடுகிறது என்று பார்க்க கூகுள் ட்ரெண்ட்ஸ் பரவாயில்லை.

கடைசியாக சர்ச் கன்சோல். பலர் சறுக்குவது இங்கேதான், அதனால் நிதானமாகப் போவோம். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் க்வெரி (தேடிய சொல்) ஃபில்டரைத் திறந்து, ‘கஸ்டம் ரீஜெக்ஸ்’ (பல சொல் வடிவங்களை ஒரே வரியில் பிடிக்கும் குறியீடு) தேர்ந்தெடுத்து இப்படி அடியுங்கள்:

சஷ்டி|சஷ்டிய|மணிவிழா|அறுபதா

நடுவில் இருக்கும் நேர்க்கோட்டுக்கு ‘அல்லது’ என்று பொருள். (‘சஷ்டி’ இருக்கும்போது ‘சஷ்டிய’ தேவையே இல்லை. ஆரம்பத்தில் இப்படி எழுதினாலும் பாதகமில்லை என்று காட்டத்தான் விட்டேன்.) கோட்டுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடாதீர்கள். விட்டால் அந்த இடைவெளியையும் சேர்த்துத் தேடும், பாதி வரிகள் காணாமல் போகும். சொல்லை முழுதாக அடிக்காமல் ‘அறுபதா’ என்று நிறுத்தியதற்கும் காரணம் உண்டு. அறுபதாம், அறுபதாவது இரண்டும் அதில் சிக்கும். ‘கிரகப்பிரவேசம்’ போன்ற சொல்லுக்கு ‘பிரவேச|ப்ரவேச|புதுமனை’ என்று போடுங்கள். ஆங்கில எழுத்தில் அடிக்கப்பட்ட வடிவங்களைத் தனியாக இன்னொரு ஃபில்டரில் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபில்டரை எடுத்துவிட்டு வரிகளின் க்ளிக்குகளைக் கூட்டினால் மேலே காட்டும் மொத்தத்தைவிடக் குறைவாக வரும். மிகச் சிலர் மட்டுமே தேடிய சொற்களைத் தனியுரிமைக்காக கூகுள் மறைத்துவிடுகிறது. தமிழில் இப்படி மறைபவை நிறைய. பட்டியலில் இல்லாததால் யாரும் தேடவில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

படி 2: எது எந்தப் பக்கத்துக்கு

சொற்கள் கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் தூவத்தான் கை பரபரக்கும். பொறுங்கள். ஒரே பக்கம் போதுமா என்று சந்தேகம் வரும் இரண்டு சொற்களைத் தனித்தனியாகத் தேடி முதல் பக்க முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலும் அதே தளங்கள் வந்தால் இரண்டுக்கும் ஒரே பக்கம் போதும். முடிவுகள் வேறு வேறாக இருந்தால் தேடுகிறவர்களின் தேவையும் வேறு.

சஷ்டியப்தபூர்த்தி, அறுபதாம் கல்யாணம், மணிவிழா மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்தோம். எழுபதில் வரும் பீமரத சாந்திக்கும், எண்பதை ஒட்டி வரும் சதாபிஷேகத்துக்கும் தனிப் பக்கம். வளைகாப்பும் சீமந்தமும் வெவ்வேறு சடங்குகள்தான். ஆனால் பல வீடுகளில் ஒரே நாளில் நடக்கின்றன, சமையலும் ஒன்றுதான். எனவே ஒரு பக்கம், இரண்டு துணைத்தலைப்புகள். ‘வளைகாப்பு பாட்டு’ என்று தேடுகிறவருக்குச் சமையல்காரர் தேவையில்லை, அதை விட்டுவிட்டோம். மராத்தி வீடுகளின் ‘டோஹாளே ஜேவண்’ (அவர்களின் வளைகாப்பு விருந்து) வார்த்தையையும் சேர்க்கலாமே என்று நண்பருக்கு ஆசை. அந்தப் பந்தியை அவர் செய்வதில்லை, அதனால் வேண்டாம் என்றேன்.

ஊர்ப் பெயர்களிலும் கவனம் வேண்டும். முலுண்டுக்கு ஒன்று, நெருளுக்கு ஒன்று என்று பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தை நகலெடுத்தால் கூகுள் அதை ‘டோர்வே’ (தேடலில் பிடிப்பதற்காகவே கட்டிய வாசல் பக்கம்) ஸ்பேம் என்று வகைப்படுத்துகிறது. போய்ச் சமைக்கும் இடங்களை ஒரே பக்கத்தில் ஒரு வரியில் எழுதினால் போதும்.

படி 3: பக்கத்தில் சேர்ப்பது

தலைப்பில் அதிகம் புழங்கும் பெயரும் ஒரே ஒரு மாற்றுப் பெயரும்: ‘அறுபதாம் கல்யாணச் சமையல், மும்பை: சஷ்டியப்தபூர்த்தி மெனுவும் விலையும்’. வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகளைத் துணைத்தலைப்பாக்கி, கீழே உண்மையான பதில் எழுதுங்கள். விலையை மறைத்துவிட்டு ‘விலை’ என்ற சொல்லை மட்டும் பத்து தடவை எழுதிப் பயனில்லை.

கீவேர்டு அப்படியே வந்தால் பச்சை விளக்கு காட்டும் ப்ளக்-இன்களை நம்பி, வேற்றுமை உருபைப் பிய்த்து எறியாதீர்கள். ‘அறுபதாம் கல்யாணத்துக்கு’ என்பதுதான் தமிழ். ‘அறுபதாம் கல்யாணம் சமையல் சிறந்த மும்பை’ என்பதைப் படிக்கிறவர் அடுத்த நொடியே ஓடிவிடுவார். மெட்டா கீவேர்ட்ஸ் (படிப்பவர் கண்ணில் படாத சொற்பட்டியல்) பெட்டியைக் காலியாக விடுங்கள். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது.

படி 4: பலன் பார்ப்பது

இந்த மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணத் தேடல் படுத்துவிடும், ஆவணியில் எழும். அந்த ஏற்றத்தை உங்கள் கைவண்ணம் என்று நினைத்துவிடக் கூடாது. சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருப்பதால் போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட முடியும்.

பிற்சேர்க்கை: ‘ஏற்கெனவே ஒரே விஷயத்துக்கு இரண்டு பக்கம் இருக்கிறதே’ என்று சிலர் கேட்டிருந்தார்கள். க்ளிக் அதிகம் வரும் பக்கத்தை வைத்துக்கொண்டு, மற்றதில் உருப்படியாக இருப்பதை அதில் சேருங்கள். பிறகு பழைய முகவரியிலிருந்து 301 ரீடைரக்ட் (வருகிறவரைப் புது முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) போடுங்கள். மெனு, ஃபுட்டர், பழைய பதிவுகள் எல்லாவற்றிலும் பழைய முகவரிக்குப் போகும் இணைப்புகளையும் மாற்றுங்கள். ஃபுட்டரில் ஒன்று கட்டாயம் ஒளிந்திருக்கும்.