"எல்லாரையும் ஒரே மாதிரித்தானே பாக்கிறம்": பாடசாலைகளில் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

வன்னியில் பல பாடசாலைகளின் ஆசிரியர் ஓய்வறைகளில் சமத்துவம் பற்றிப் பேச்செடுத்தால் இந்தப் பதில்தான் வரும். சொல்பவர்கள் நம்பித்தான் சொல்கிறார்கள்; சிக்கலும் அங்கேதான். 7.30க்குக் கேற்றைப் பூட்டுவது எல்லாருக்கும் ஒரே சட்டம். ஆனால் சந்தியில் வீடுள்ள பிள்ளை நேரத்துக்கு வந்துவிடும். யானை விலகட்டும் என்று காத்திருந்து, குளக்கட்டால் சைக்கிள் உழக்கி வரும் பிள்ளை வெயிலில் நிற்கும்.

அடுத்தது, விபரம் திரட்டும் விதம். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து படிவம் வந்தவுடன், "அப்பா இல்லாத ஆக்கள் எழும்புங்கோ" என்று வகுப்பில் கேட்பது இன்னும் நடக்கிறது. எழும்புவதா விடுவதா என்று பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கும் முகத்தைக் கவனித்தவர்கள் மறுபடி அப்படிக் கேட்கமாட்டார்கள். தகப்பன் காணாமல் ஆக்கப்பட்டவராக இருக்கலாம், பிரிந்து போனவராக இருக்கலாம். வகுப்பாசிரியர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டு எழுத ஐந்து நிமிடம் போதும்.

இதன் உறவுக்காரன் உதவி வழங்கும் விழா. புலம்பெயர் உறவுகள் அனுப்பிய சைக்கிளையோ சப்பாத்தையோ மேடையில் வைத்து, பெயர் கூப்பிட்டு, கைப்பிடியைப் பிடிக்க வைத்துப் படம் எடுத்து முகநூலில் போடுகிறோம். "குடுத்தவை படம் கேக்கினம்" என்பார் அதிபர். பற்றுச்சீட்டும் பிள்ளையின் முகம் தெரியாத படமும் அனுப்பினால் குறை சொல்லும் கொடையாளிகள் குறைவு. கேட்டுப் பார்க்கத்தான் ஆளில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு வராத தாயைப் 'பொறுப்பில்லாதவர்' என்று முடிவுகட்டுவதும் கெட்ட பழக்கம். இன்று தரம் 5இல் இருக்கும் பிள்ளைகள் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களின் தாய்மார் சிலர், 2009இல் போர் முடிந்தபோது இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமோடு படிப்புக் குலைந்தவர்கள். பள்ளிக்கூடப் படி ஏறவே கூச்சப்படுவார்கள்.

இனி, ஓய்வறையில் அதிகம் பேசப்படாத விடயம். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். இருந்தும் அவர்களின் பேச்சைக் கேட்டுச் சிரிப்பதும், "அந்தப் பக்கத்துப் பிள்ளையள் படிக்காதுகள்" என்று முதல் தவணையிலேயே தீர்ப்பெழுதுவதும் நிற்கவில்லை. "ஊரிலை எவடம்?" என்ற விசாரிப்பும் அப்படித்தான், சாதி அறியவே கேட்கிறார்கள் என்பது கேட்கப்படும் பிள்ளைக்கும் தெரியும். பிறந்த இடமோ சாதியோ பார்த்து வேறுபாடு காட்டலாகாது என்று இலங்கை அரசியலமைப்பின் 12(2) ஆவது உறுப்புரை சொல்கிறது. சட்டம் கரும்பலகைவரை வந்து சேரவில்லை.

சைவநெறிப் பாடவேளையில் ஒற்றை முஸ்லிம் பிள்ளையையோ கிறிஸ்தவப் பிள்ளையையோ கடைசி வாங்கில் சும்மா இருத்துவதும் வேண்டாம். நூலகத்தில் இருந்து தன் சமயப் புத்தகத்தைப் படிக்கட்டும். சக்கர நாற்காலிப் பிள்ளை சேர்ந்தால் அந்த வகுப்பையே கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள், செலவில்லை.

உங்கள் பாடசாலை எப்படி என்று பார்க்க ஆய்வு ஒன்றும் தேவையில்லை. மாணவத் தலைவர்கள், தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் போனவர்கள், காலைப் பிரார்த்தனையை நடத்துபவர்கள் ஆகியோரின் பெயர்களை எடுத்து, எதிரே ஒவ்வொருவரின் கிராமத்தையும் எழுதுங்கள். இடாப்பில் நிறையப் பேர் இருந்தும் இந்தப் பட்டியலில் வராத கிராமம் எது என்று அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் கேளுங்கள்.