வெள்ளியா என்று பார்க்கப் போய் நாணயத்தைக் கெடுத்துவிடாதீர்கள்

பழைய நாணயம் ஒன்று கிடைத்தவுடன் பலர் முதலில் செய்வது அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதுதான். இதைவிடப் பெரிய தவறு கிடையாது. வெள்ளியின் மேல் தெரியும் கருமை அழுக்கு அல்ல. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டுப் பல ஆண்டுகளாகப் படர்ந்த வெள்ளி சல்பைடு. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அந்தப் படலத்தோடு உலோகத்தின் மேற்பரப்பும் போய்விடும், நுண்ணிய கீறல்கள் மிஞ்சும். சேகரிப்பவர்கள் அந்தக் கீறல்களைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வார்கள். போனதை மீண்டும் கொண்டுவர வழியே இல்லை. கருத்திருப்பதால் வெள்ளிதான் என்று முடிவுகட்டுவதும் சரியல்ல. செம்பும் கருக்கும், போலியைக் கருக்கவைத்துப் பழையதுபோலக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அரத்தால் விளிம்பை அராவுவது, உரைகல்லில் இழைப்பது, நைட்ரிக் அமிலம் விடுவது ஆகியவையும் இதே வகைதான். உருக்கப்போகும் உலோகத் துண்டுக்கு இவை பொருந்தும். முத்திரையும் ஆண்டும் தாங்கிய நாணயத்தின் மேல் ஒரு துளி அமிலம் பட்டால்கூட அந்தத் தழும்பு மறையாது. அமிலம் தோலையும் கண்ணையும் பதம்பார்க்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

காந்தத்தை மட்டும் நம்புவது அடுத்த தவறு. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது என்பது உண்மை. ஆனால் செம்பு, ஈயம், பித்தளை, செம்பும் நிக்கலும் கலந்த வழக்கமான நாணய உலோகம் ஆகியவையும் ஒட்டாது. பெயரில் மட்டுமே வெள்ளி உள்ள ஜெர்மன் சில்வரும் அப்படித்தான். அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. ஆகவே ஒட்டினால் வெள்ளி நாணயம் இல்லை என்று ஒதுக்கலாம்; ஒட்டாவிட்டால் இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்றே கொள்ள வேண்டும். பனிக்கட்டி வைத்து அது வேகமாக உருகுகிறதா என்று பார்ப்பதிலும் இதே ஓட்டை இருக்கிறது. வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு வெள்ளியை நெருங்கி வருகிறது.

கணீரென்ற ஓசையைக் கேட்பதற்காகக் கல்தரையில் போடாதீர்கள். விளிம்பு நசுங்கும். விரல் நுனியில் நாணயத்தை நிறுத்தி, பென்சிலால் மெல்லத் தட்டினாலே போதும். வெள்ளியின் ஓசை நீண்டு ஒலித்து அடங்கும். உள்ளே விரிசல் இருந்தால் அசல் நாணயமும் மொட்டையாக ஒலிக்கும் என்பதால் இதையும் துணைச் சான்றாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் சோதனையைத் தொடங்க வேண்டிய இடம் ஆண்டு. பிரிட்டிஷ் வெள்ளி நாணயங்களில் 1920-க்கு முன் 92.5 சதவீதம் வெள்ளி இருந்தது. அந்த ஆண்டில் அது 50 சதவீதமாகக் குறைந்தது, 1947-இல் புழக்கத்துக்கான நாணயங்களில் வெள்ளியே இல்லாமல் போனது. ஆறாம் ஜார்ஜ் தலை பொறித்த 1947-ஆம் ஆண்டு இந்திய ஒரு ரூபாய் பார்வைக்கு வெள்ளிபோலவே இருக்கும். அது நிக்கல், காந்தத்தில் ஒட்டும். ஆண்டும் நாடும் தெரிந்தால் அந்த நாணயத்தின் அதிகாரபூர்வ எடை, விட்டம், வெள்ளியின் அளவு மூன்றையும் நாணயப் பட்டியல்களில் பார்த்துவிடலாம்.

பிறகுதான் தராசு. கிராம் கணக்கில் மட்டும் காட்டும் சமையலறைத் தராசு இதற்கு உதவாது, 0.01 கிராம் வரை காட்டுவது வேண்டும். புழக்கத்தில் தேய்ந்த நாணயம் சற்று எடை குறைந்திருக்கலாம். எடை கூடியிருந்தால்தான் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும்.

எடை பொருந்தினால் தண்ணீர்ச் சோதனை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் நாணயத்துக்கு ஒரு கீறலும் விழாது. தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, காட்டும் எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் கட்டிய நாணயத்தை அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். நாணயத்தின் எடையைத் தராசு இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 26.73 கிராம் எடையுள்ள, 90 சதவீத வெள்ளியாலான பழைய அமெரிக்க டாலருக்குத் தராசு ஏறக்குறைய 2.6 காட்டும், அடர்த்தி 10.3. அதே எடையில் செம்பு நிக்கல் போலி 3.0 காட்டும், அடர்த்தி 8.9 தான். இங்கே வழக்கமாக நேரும் பிழை, நாணயத்தில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைக் கவனிக்காமல் விடுவது. அவற்றால் அசல்கூடப் போலிபோலத் தெரியும். நூலை மெல்ல அசைத்துக் குமிழிகளை நீக்கிவிட்டு, மூன்று முறை அளந்து பாருங்கள். முடிந்ததும் துடைத்துத் தேய்க்காமல், மென்துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

இவ்வளவும் தேறினாலும் தெரிவது உலோகம் மட்டுமே. வெள்ளியிலேயே போலி அடிப்பவர்கள் உண்டு. போலியே அல்லாமலும் ஏமாறலாம்: ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் தலை பொறித்த தாலர் என்ற நாணயம் 83.3 சதவீத வெள்ளி, எடை ஏறக்குறைய 28 கிராம். அரசி இறந்த 1780 என்ற ஆண்டைத் தாங்கியே அது 20-ஆம் நூற்றாண்டிலும் வியன்னா, லண்டன், பம்பாய் உள்ளிட்ட பல நகரங்களின் நாணயச் சாலைகளில் அடிக்கப்பட்டது. தராசிலும் தண்ணீரிலும் அவையெல்லாம் ஒன்றுபோலவே தேறும். எது எப்போது அடித்தது என்பதை முத்திரையின் நுணுக்கங்களை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். முன்பே தேய்த்துவிட்டிருந்தால் அந்த நுணுக்கங்கள்தான் முதலில் மழுங்கியிருக்கும்.