பைக் பயணம் உடம்பை வருத்தாமலிருக்க: டயர் காற்றில் தொடங்கி சீட்டில் முடிக்க வேண்டிய வேலை

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு நாள்தோறும் பைக்கில் வேலைக்குச் சென்று வருகிறேன். ஒரு வழிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். முன்பு 47 என்றும் இப்போது 66 என்றும் எண் பெற்றிருக்கும் அந்தத் தேசிய நெடுஞ்சாலையில் வளைவுகளும் ஏற்ற இறக்கங்களும் ஊருக்கு ஊர் வேகத்தடைகளும் உண்டு. நேராக நிமிர்ந்து ஒரே வேகத்தில் ஓட்டக்கூடிய இடம் குறைவு. இரண்டாம் ஆண்டிலேயே இடுப்பு வலி தொடங்கியது. வலது கையின் சுண்டுவிரல் மரத்துப் போனது. சீட்டுதான் காரணம் என்று எண்ணி, மெத்தென்ற பஞ்சு வைத்த உறை ஒன்றை வாங்கி மாட்டினேன். ஒரு வாரம் சுகமாக இருந்தது; பிறகு பழைய வலியே திரும்பியது.

தக்கலையில் எனக்குப் பழக்கமான வயதான மெக்கானிக் ஒருவர், வண்டியைச் சுற்றி வந்து பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “மக்களே, சீட்டுல ஒண்ணும் இல்ல, காத்து கூடிப் போச்சு” என்றார். அளந்து பார்த்தபோது பின் டயரில் 42 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) இருந்தது. நான் தனியாகத்தான் ஓட்டுகிறேன். என் வண்டிக்குத் தனியாக ஓட்டும்போது வேண்டியது 28. அன்று அவரிடம் கற்றுக்கொண்ட வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். வண்டியை முதலில் அது இருக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு நம் கை, கால் அளவுக்குப் பொருத்த வேண்டும். காசு செலவாகும் சீட்டு வேலையைக் கடைசியில்தான் தொட வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பதே என் வருத்தம்.

டயர் காற்று

சாலையிலுள்ள சிறு கல்லையும் வெடிப்பையும் முதலில் வாங்கிக்கொள்வது ஸ்பிரிங் அல்ல, டயர்தான். தேவைக்கு மேல் காற்று இருந்தால் டயர் அமுங்க மறுத்து, ஒவ்வொரு அதிர்வையும் அப்படியே மேலே அனுப்பிவிடும். குறைவாக இருந்தால் வண்டி மெத்தென்று போவதுபோலத் தோன்றினாலும், திருப்பத்தில் கனத்து இழுக்கும், டயர் சூடேறும், பள்ளத்தில் இறங்கும்போது ரிம் நெளியும். சரியான அளவு எது என்பது வண்டியின் கையேட்டிலும், பல வண்டிகளில் செயின் கவர் அருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் இருக்கும். தனியாக ஓட்டுவதற்கு ஓர் அளவும், பின்னால் ஆள் ஏறும்போது பின் டயருக்கு அதைவிடக் கூடிய இன்னோர் அளவும் கொடுத்திருப்பார்கள்.

பஞ்சர் கடையில் கைக்கணக்கில் அடிக்கும் காற்றை நம்ப வேண்டாம். சிறிய காற்றுமானி ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளப்பதே கணக்கு. நெடுந்தூரம் ஓடிய டயரில் சூட்டினால் அளவு சில புள்ளிகள் கூடித்தான் காட்டும்; அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை குறைவான காற்றோடுதான் புறப்படுவீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

பின்பக்க ஷாக் அப்சார்பர்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் தவறான எண்ணம் அதிகம் நிலவுவது இதில்தான். பின்பக்க ஸ்பிரிங்கின் அடியில் படிப்படியாக வெட்டிய வளையம் ஒன்று இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் ஐந்து படிகள். டூல் கிட்டில் வரும் கொக்கி போன்ற ஸ்பேனரால் அதைத் திருப்பலாம். மேல்படிக்கு ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும், கீழே இறக்கினால் மென்மையாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். அதன் விறைப்பு மாறுவதில்லை. மாறுவது, நாம் ஏறி உட்கார்ந்ததும் வண்டியின் பின்பகுதி எவ்வளவு இறங்குகிறது என்பதுதான். மிக அதிகமாக இறங்கினால் பள்ளத்தில் அமுங்குவதற்கு மிச்சம் இடமிராமல் ‘டக்’ என்று அடிவாங்கும்; அந்த அடி நேரே முதுகெலும்புக்குப் போகும். சற்றும் இறங்காவிட்டால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைப் பின்தொடர முடியாமல் துள்ளும்.

அளப்பதற்கு ஒரு டேப்பும் துணைக்கு ஓர் ஆளும் போதும். வண்டியை டபுள் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரம் தரையில் படாமல் இருப்பதைப் பாருங்கள். பின்சக்கரத்தின் அச்சு நட்டிலிருந்து நேர் மேலே, சீட்டுக்குக் கீழே உடற்பகுதியில் ஓர் இடத்தில் அடையாளமாகச் சிறு ஒட்டு டேப் துண்டை ஒட்டி, இரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, நீங்கள் வழக்கமாக அணியும் சட்டை, ஹெல்மெட், முதுகுப் பை எல்லாவற்றோடும் ஏறி உட்கார்ந்து, கால்களை ஃபுட் ரெஸ்ட்டில் வையுங்கள். வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள ஒரு சுவரோ தூணோ கைக்கு எட்டும் இடமாக இருந்தால் நல்லது. இப்போது துணைக்கு நிற்பவர் அதே தூரத்தை மறுபடி அளக்கட்டும். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பதே இறக்கம். சக்கரம் மொத்தமாக ஏறி இறங்கக்கூடிய தூரத்தில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறக்கம் இருக்கலாம். 80 மில்லிமீட்டர் ஏறி இறங்கக்கூடிய சக்கரமானால், 20 முதல் 27 மில்லிமீட்டர் வரை. அதற்கு மேல் இறங்கினால் வளையத்தை ஒரு படி ஏற்றுங்கள். குறைந்தால் ஒரு படி இறக்குங்கள். இருபுறமும் ஷாக் உள்ள வண்டியில் இரண்டும் ஒரே படியில்தான் இருக்க வேண்டும். எந்தப் படியில் வைத்தாலும் அளவு சரிவரவில்லையென்றால், ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது அல்லது உங்கள் எடைக்கு அது பொருந்தவில்லை என்று கொள்ளலாம்.

ரப்பர் ஷீட்டையோ மீன் பெட்டியையோ பின்னால் கட்டிக்கொண்டு போகிறவர்கள் பாரத்தோடு ஒரு முறையும் பாரமில்லாமல் ஒரு முறையும் அளந்து, இரண்டுக்கும் உரிய படிகளைத் தனித்தனியே குறித்து வைத்துக்கொள்வது நல்லது. படியை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இருந்தால் படியைத் திருப்பிப் பயனில்லை. ஒரு பள்ளத்தில் இறங்கியபின் வண்டி மூன்று நான்கு முறை ஊசலாடினால் உள்ளே அதிர்வை அடக்கும் வேலை நின்றுபோயிற்று என்று பொருள். புதிதுதான் வாங்க வேண்டும். முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்து அதிர்வை வாங்கும் குழாய்களான முன் ஃபோர்க் அப்படியல்ல. அதன் எண்ணெய் நாளடைவில் நீர்த்துப் போவதால், மாற்றியதும் பல வண்டிகளில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் முன்பகுதி மூக்குக் குத்துவது குறைந்துவிடுகிறது. எண்ணெயின் தடிமனும் அளவும் கையேட்டில் சொன்னபடியே இருக்கட்டும். கூட ஊற்றினால் ஃபோர்க் கல்லாகிவிடும்.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் வண்டியை நிறுத்துகிறவர்கள் ஃபோர்க் குழாயை வாரம் ஒரு முறையாவது நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். உப்புக்காற்றில் பளபளப்பான அந்தக் குழாயில் துருப்புள்ளி விழுந்துவிட்டால், அது ஏறி இறங்கும்போதெல்லாம் எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ஆயில் சீலை அறுக்கும். பிறகு எத்தனை சீல் மாற்றினாலும் எண்ணெய் ஒழுகும்.

அதிர்வு எங்கிருந்து வருகிறது

கை மரத்துப் போவதற்குத் தடித்த கிரிப் வாங்குவதற்கு முன், அதிர்வின் ஊற்றைத் தேடுங்கள். செயின் தளர்ந்திருந்தால் வெட்டி வெட்டி இழுக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் பின்சக்கரம் மேலே ஏறும்போது செயின் மேலும் விறைத்து, ஷாக் வேலை செய்வதையே தடுக்கும். ஆகவே கையேட்டில் சொன்ன தொய்வை வைத்தபின், ஒருவரை ஏறி உட்காரச் சொல்லி, அப்போதும் செயினில் சிறிது தொய்வு மிஞ்சுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அடுத்து, இன்ஜினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் அசைவு தெரியுமானால், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷோ சக்கரத்தின் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில் பாரை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் கொக்கி விழுவதுபோல நின்றால், ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்கான கோன் செட் போய்விட்டது. இவற்றைச் சரிசெய்யாமல் சொகுசுக்காக வாங்கும் எந்தப் பொருளும் வீண்.

கையும் காலும்

ஹேண்டில் பாரின் கோணத்தை மாற்றக் காசே வேண்டாம். உட்கார்ந்து கண்ணை மூடிக் கைகளை நீட்டிப் பிடியுங்கள். தோள் தளர்ந்து, முழங்கை சற்றே மடிந்து இருக்க வேண்டும். முழங்கை விறைத்திருந்தால் சாலையின் ஒவ்வோர் அடியும் தோளுக்குப் போகும். கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, பாரை உங்களை நோக்கிச் சில மில்லிமீட்டர் மட்டும் திருப்பிப் பாருங்கள். இறுக்கியபின் இன்ஜினை ஓடவிட்டு, பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்புங்கள். அப்போது இன்ஜின் சத்தம் கூடினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. அதே நிலையில் வண்டியை ஓட்டுவது ஆபத்து. பார் டேங்கில் இடிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் சுண்டுவிரலைச் சரிசெய்தது லீவரின் கோணம். கம்பெனியிலிருந்து வரும்போது கிளட்ச் லீவரும் பிரேக் லீவரும் ஏறக்குறைய கிடையாக இருந்தன. அவற்றைப் பிடிக்க ஒவ்வொரு முறையும் மணிக்கட்டை மேல்நோக்கி மடக்க வேண்டியிருந்தது. உட்கார்ந்த நிலையில் விரல்களை நீட்டினால், முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் லீவரின் மேல் விழ வேண்டும். லீவர் பிடிப்பின் போல்ட்டைத் தளர்த்திச் சிறிது கீழே திருப்பியதும், மார்த்தாண்டம் சந்தையருகே நெரிசலில் நூறு முறை கிளட்சும் பிரேக்கும் பிடித்தாலும் கை நோகவில்லை. கிளட்ச் கேபிள் வறண்டிருந்தால் எண்ணெய் விடுங்கள். பழைய கேபிளை மாற்றுங்கள். லீவர் நுனியில் கையேடு சொல்லும் அளவு தளர்வு இருக்க வேண்டும்.

காலுக்கும் இதே கவனம் வேண்டும். பிரேக் பெடலை மிதிக்கப் பாதத்தை முழுவதும் தூக்க வேண்டியிருந்தால் பெடல் உயரமாக இருக்கிறது. அதைத் தாழ்த்தியபின் பின் பிரேக்கின் தளர்வையும், பிரேக் விளக்கு சரியாக எரிகிறதா என்பதையும் மறக்காமல் சோதியுங்கள். கியர் லீவரை அதன் தண்டிலிருந்து கழற்றி ஒரு பல் மாற்றி மாட்டினால் உயரம் மாறும்.

சீட்டு

இத்தனையும் செய்தபின் வலி மிஞ்சினால் மட்டும் குஷன் கடைக்குச் செல்லுங்கள். மென்மையான சீட்டு சுகம் தரும் என்பது பத்து நிமிடத்துக்கு மட்டுமே உண்மை. உட்காரும்போது உடலின் பாரத்தைத் தாங்குவது இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகள். மென்மையான பஞ்சு அந்த இடங்களில் முழுவதும் அமுங்கிவிட, எலும்பு அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டின் மேல் உட்காருகிறது. சுற்றியுள்ள பஞ்சோ தொடையின் ரத்த ஓட்டத்தை நெருக்குகிறது. அடியில் அடர்த்தியான ஃபோம், மேலே ஓரங்குலம் மட்டும் மென்மையானது என்று அடுக்கச் சொல்லுங்கள். நம் மாவட்டத்துக்குப் பழக்கமான தென்னை நாரும் ரப்பர் பாலும் சேர்ந்த நார் மெத்தைத் துண்டை அடியடுக்காக வைத்துப் பார்த்தேன். வியர்வை தேங்கவில்லை, ஆனால் விளிம்பு சீக்கிரம் உதிர்ந்தது. ஆகவே அதைப் பரிந்துரைக்க மாட்டேன். லேட்டக்ஸ் ஃபோம் அதைவிட நன்றாக நிற்கிறது.

சீட்டு டேங்கை நோக்கிச் சரிந்திருந்தால் உடல் முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்க நாம் அறியாமலே கைகளால் தள்ளுவோம். மணிக்கட்டு வலியின் பாதி காரணம் இதுதான். முன்பகுதியில் சற்று ஃபோம் கூட்டி உட்காரும் இடத்தைச் சமதளமாக்கினால் தீரும். உயரம் கூடி இரு கால்களும் தரையில் எட்டாமல் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஆனியிலும் ஐப்பசியிலுமாக இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது. உறைக்கும் ஃபோமுக்கும் நடுவே கெட்டியான பாலித்தீன் தாளை விரிக்கச் சொல்ல மறக்காதீர்கள். தையல் வழியாக உள்ளே போன மழைநீர் மூன்று நாளானாலும் காயாது.

காற்றும் பின்னால் இருப்பவரும்

தோவாளையைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே செல்கிறவர்களுக்குத் தென்மேற்குப் பருவக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். அங்கே பக்கவாட்டில் அடிக்கும் காற்றுக்கு ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் வண்டி மேலும் தள்ளாடும். முழங்கால்களால் டேங்கை அணைத்து, கையைத் தளர்த்தி, வேகத்தைக் குறைப்பதே வழி. பெரிய விண்ட் ஷீல்டு மாட்டுவது நேர்க்காற்றில் நெஞ்சுக்கு இதம். அந்தக் கணவாயில் அதுவே பாய்மரமாகிவிடும்.

வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. சட்டகத்தை வெட்டி ஒட்டும் வேலைக்கும் சைலன்சர் மாற்றத்துக்கும் போக வேண்டாம். பின்னால் இருப்பவருக்கான கைப்பிடி, ஃபுட் ரெஸ்ட், சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் சாரி கார்டு மூன்றும் விதிப்படி இருந்தே ஆக வேண்டியவை. அழகுக்காக அவற்றைக் கழற்றுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது.

அம்மாவை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாட்களில், முந்தின இரவே பின் டயரில் காற்றைக் கூட்டி, ஷாக்கை இரண்டு படி ஏற்றி வைத்துவிடுவேன். அவர் ஒருபுறமாகத்தான் உட்காருவார். கால் தொங்கினால் இடுப்பு நோகும் என்பதால், சாரி கார்டின் கீழே இரு பாதமும் முழுவதும் படும் அளவுக்கு அகலமான மிதிதட்டு ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். கைப்பிடி எட்டுகிறதா, பாதம் தட்டில் படிந்ததா என்று கேட்டு, அவர் “ம், எடு” என்று சொன்ன பிறகே கிளட்சை விடுகிறேன்.